யாருக்கு எழுதிய பதில்?

(திருக்கோவிலூரில் வாசகர்கள் கூடிய கூட்டம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மைக் கொஞ்சம் இரைகிறது. பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்கிறதா? சரி.

"இன்றைய போர்கள்" என்று தலைப்புக் கொடுத்தீர்கள். அழைப்பிதழிலும் அப்படியே அச்சடித்துவிட்டீர்கள். நான் அதில் ஒரு சின்ன மோசடி செய்யப் போகிறேன். காஸாவைப் பற்றியோ உக்ரைனைப் பற்றியோ பேச ஆரம்பித்தால், இந்த அறையில் பாதிப் பேர் ஒரு பக்கமும் மீதிப் பேர் எதிர்ப் பக்கமும் ஏற்கெனவே நாற்காலி போட்டு உட்கார்ந்தாயிற்று. நான் என்ன சொன்னாலும், இவர் எந்தக் கட்சி என்றுதான் காது தீட்டிக் கேட்பீர்கள். அதனால் 80 வருஷத்துக்கு முந்தைய ஒரு போருக்குப் போகிறேன். அதில் நமக்குள் தகராறு இல்லை. ஹிட்லர் தோற்க வேண்டியவன், தோற்றான். அந்தக் கணக்கை முடித்து ஓரமாக வைத்துவிட்டுப் பேசலாம்.

போரைப் பற்றிப் பேச எனக்கு என்ன யோக்கியதை? ஒன்றும் இல்லை. சரித்திர வாத்தியார். இரண்டாம் உலகப் போரைப் பல வருஷம் பிள்ளைகளுக்குக் காரணங்கள், போக்கு, விளைவுகள் என்று மூன்று தலைப்பில் ஒப்பித்தவன். குண்டு விழுந்து பார்த்ததில்லை. தீபாவளிக்கு அணுகுண்டு வெடித்தால்கூட ஒரு எட்டுப் பின்னால் நிற்கிறவன். தூரத்தில் இருந்து பார்க்கிறவனுடைய பேச்சு இது. அந்தத் தூரத்தைப் பற்றியே பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

எங்கள் குடும்பத்தில் போருக்குக் கொஞ்சம் கிட்டத்தில் போனவர் என் பாட்டி ஒருவர்தான். 1942 ஏப்ரலில் அவர் வண்ணாரப்பேட்டையில் இருந்தார். அந்த மாதம் 5ஆம் தேதி, ஈஸ்டர் ஞாயிறு, ஜப்பான் விமானங்கள் கொழும்பில் குண்டு போட்டன. மறுநாள் விசாகப்பட்டினம், காக்கிநாடா. 9ஆம் தேதி திருகோணமலை. அடுத்தது மெட்ராஸ்தான் என்று ஊரே காலியானது. பாட்டி எழும்பூரில் ரயிலேறி, விழுப்புரத்தில் மாறி, இந்த ஊருக்குத்தான் வந்தார். மடியில் ஊறுகாய் ஜாடி. அம்மியைத் தூக்க முடியவில்லை என்று சாகிற வரைக்கும் குறைப்பட்டார்.

பட்டணத்தில் செத்த காலேஜ், உயிர் காலேஜ் என்று சொல்வார்கள், பெரியவர்களுக்குத் தெரியும். செத்த காலேஜ் எழும்பூர் மியூசியம். உயிர் காலேஜ், மூர் மார்க்கெட் பக்கத்தில் இருந்த மிருகக்காட்சி சாலை. குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் சிங்கமும் புலியும் தெருவுக்கு வந்துவிடும் என்று பயந்து, அந்த ஏப்ரலில் அவற்றைச் சுட்டுக் கொன்றார்கள். எதிர்பார்த்த குண்டு அன்றைக்கு வரவே இல்லை. மெட்ராஸில் அந்த மாதம் போருக்குப் பலியானவை கூண்டுக்குள் இருந்த மிருகங்கள்.

பாட்டி எங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்வி ஒன்று உண்டு. "ஜப்பான்காரனுக்கு வெள்ளைக்காரன் மேலதானே கோவம்? என் வீட்டு மேல ஏன்டா போடணும்?" நான் பட்டம் வாங்கி, பட்ட மேற்படிப்பும் முடித்துவிட்டு வந்தேன். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல என்னால் முடியவில்லை.

பதிலடி என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். நாள்தோறும் தலைப்புச் செய்தியில் வருகிறது. அதில் முதலில் நிற்பது 'பதில்'. பதில் என்றால் யாரோ முன்னால் ஏதோ கேட்டிருக்க வேண்டும், கேட்டவருக்கே அது போய்ச் சேரவும் வேண்டும். கேட்டவர் வீடு ஒன்று, பதில் விழுகிற வீடு வேறொன்று என்றால் அதற்குப் பதில் என்று எப்படிப் பேர் வைப்பது?

1940 ஆகஸ்ட் 24 இரவு. ஜெர்மன் விமானங்கள் சில, இலக்குத் தவறி லண்டன் நகருக்குள் குண்டு போட்டுவிட்டன. மறுநாள் இரவே சர்ச்சில் பெர்லினுக்கு விமானம் அனுப்பினார். சேதம் கொஞ்சம்தான், அவமானம் பெரிது. செப்டம்பர் 4ஆம் தேதி ஹிட்லர் பெர்லின் மண்டபம் ஒன்றில், இங்கிலாந்து நகரங்களைத் துடைத்தெறிவேன் என்று கத்தினான். 7ஆம் தேதி லண்டன் எரிய ஆரம்பித்தது. 57 இரவுகள். நவம்பர் 8ஆம் தேதி பிரிட்டிஷ் விமானங்கள் ம்யூனிக்கைத் தாக்கின. அதற்குப் பதில் என்று சொல்லி, 14ஆம் தேதி கோவென்ட்ரி.

கணக்கை ஆகஸ்ட் 24இல் ஆரம்பித்தால் ஜெர்மனி தொடங்கியது. 25இல் ஆரம்பித்தால் பிரிட்டன். ஜெர்மன் குண்டு விழுந்த ஊர்களாக மே மாதம் ராட்டர்டாம், அதற்கு முந்தைய ஆண்டு வார்சா, 1937இல் ஸ்பெயின் நாட்டில் கெர்னிக்கா என்று பின்னால் போய்க்கொண்டே இருக்கலாம். எந்தத் தேதியில் கணக்கைத் தொடங்கலாம் என்பதைத் தூரத்தில் இருக்கிற நாம் சௌகரியமாகத் தேர்ந்தெடுத்துக்கொள்கிறோம். நமக்குப் பிடித்தவன் வாங்கிய முதல் அடியில் இருந்து ஆரம்பிப்போம். பள்ளிக்கூடத்தில் சண்டை போட்ட பையன்களை விசாரித்த எல்லா வாத்தியார்களுக்கும் இது தெரியும். "அவன்தான் சார் மொதல்ல."

கோவென்ட்ரியில் கொஞ்சம் நிற்போம். நடு இங்கிலாந்தில் பழைய ஊர். மோட்டார் வண்டி, விமான எஞ்சின் தொழிற்சாலைகள் வீடுகளோடு வீடாகக் கலந்திருந்தன. ராணுவ இலக்கு இல்லை என்று யாரும் சாதிக்க முடியாது. சாயங்காலம் 7 மணிக்கு மேல் ஆரம்பித்து, விடிகிற வரைக்கும் சுமார் 500 விமானங்கள் அலை அலையாக வந்தன. செத்தவர்கள் 568 பேர். ஊர் நடுவில் இருந்த புனித மைக்கேல் பேராலயத்தின் கூரைமேல், ரிச்சர்ட் ஹோவர்ட் என்ற ஆலயத் தலைவரும் இன்னும் மூன்று பேரும் நின்றிருந்தார்கள். மணல் வாளி வைத்துக்கொண்டு, விழுகிற தீக்குண்டு ஒவ்வொன்றையும் அணைத்துக் கீழே தள்ளினார்கள். ஒரு கட்டத்தில் மணலும் தீர்ந்தது, தண்ணீரும் வரவில்லை. எடுக்க முடிந்ததை எடுத்துக்கொண்டு இறங்கினார்கள். கோயில் கண்ணெதிரே எரிந்தது.

அந்தக் கிறிஸ்துமஸ் அன்று, டிசம்பர் 25, ஹோவர்ட் அந்த இடிபாட்டில் நின்று வானொலியில் பேசினார். பழிவாங்கும் எண்ணத்தை ஒதுக்கப் பார்க்கிறோம் என்றார். பிறகு எரிந்த சுவரில் கடவுளிடம் மன்னிப்புக் கேட்டு இரண்டே சொல் வெட்டி வைத்தார். யாரை மன்னிக்க என்று அதில் இல்லை.

அவர் பேசியது 25ஆம் தேதி. ஆனால் 16ஆம் தேதியே பிரிட்டிஷ் விமானங்கள் ஜெர்மனியின் மான்ஹைம் நகரத்துக்குப் போய், கோவென்ட்ரிக்குப் பதிலாக என்று நடு ஊரைக் குறிவைத்துத் தாக்கிவிட்டு வந்தாயிற்று. பிரிட்டிஷார் வேண்டுமென்றே ஒரு நகரத்தின் மையத்தையே இலக்காக வைத்தது அன்றுதான் முதல் முறை. கோவென்ட்ரி பேரில் நடந்த காரியம் அது. கோவென்ட்ரிக்காரரை யாரும் கேட்கவில்லை.

கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள்? இதற்கு ஒரு சான்று இருக்கிறது. நான் இங்கே பேச வந்ததற்கே அதுதான் காரணம். 1941 வசந்தத்தில் பிரிட்டனில் ஒரு கருத்துக்கணிப்பு எடுத்தார்கள். ஜெர்மன் பொதுமக்கள் மேல் பதிலுக்குக் குண்டு போடலாமா என்று கேள்வி. குண்டே விழாத கம்பர்லண்டு, வெஸ்ட்மர்லண்டு, வடக்கு யார்க்‌ஷயர் கிராமங்களில் முக்கால்வாசிப் பேர் போடத்தான் வேண்டும் என்றார்கள். இரவெல்லாம் சுரங்க ரயில் நிலையத்தில் படுத்துக் காலையில் வீடு இருக்கிறதா என்று போய்ப் பார்த்த நடு லண்டன்காரரில் அப்படிச் சொன்னவர் 45 சதவீதம்தான்.

முதல் தடவை படித்தபோது அச்சுப்பிழையோ, எண்களை மாற்றிப் போட்டுவிட்டார்களோ என்று நினைத்தேன். அடி வாங்கினவனுக்குத்தானே ஆத்திரம் கூட இருக்கணும்? அப்புறம் யோசித்தால் புரிகிறது. லண்டன்காரனுக்குக் குண்டு என்றால் என்னவென்று தெரியும். சமையல்கட்டுச் சுவர் விழுந்தால் என்ன வாடை வரும் என்று தெரியும். பெர்லினிலும் அதே வாடைதான் வரும் என்பது அவனுக்குச் சொல்லாமலே விளங்கும். கம்பர்லண்டில் ஆடு மேய்ப்பவருக்குக் குண்டு என்பது செய்தித்தாளில் வருகிற ஒரு எண். அவர் கெட்டவர் இல்லை. தூரத்தில் இருந்தார், அவ்வளவுதான். நம்மைப் போல.

தூரம் இன்னொன்றும் செய்யும். அடுத்தவன் வீட்டுத் தீயை வேடிக்கைச் சொல்லாக்கும். 1914 செப்டம்பர் 22ஆம் தேதி இரவு ஒரு ஜெர்மன் கப்பல் மெட்ராஸ் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போனது. எம்டன். இன்றைக்கும் ஜகஜ்ஜாலக் கில்லாடியை "அவன் சரியான எம்டன்" என்கிறோம். அதில் செத்தவரை யாருக்கும் நினைவில்லை. ஜெர்மன்காரர்கள் கோவென்ட்ரிக்குப் பிறகு 'கோவென்ட்ரி பண்ணுவது' என்று ஒரு வினைச்சொல்லே உண்டாக்கினார்கள். ஊரைத் தரைமட்டமாக்குவது என்று பொருள். நமக்கு எம்டன் பெயர்ச்சொல் ஆனது, அவர்களுக்குக் கோவென்ட்ரி வினைச்சொல் ஆனது. இலக்கணம் தவிர வேறு வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

மீதிச் சங்கிலியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1942 மார்ச்சில் பிரிட்டன் லூபெக் நகரத்தை எரித்தது. அதற்குப் பதில் என்று ஜெர்மனி எக்ஸெட்டர், பாத், நாரிச், யார்க் என்று அழகான பழைய ஊர்களாகப் பார்த்து அடித்தது. சுற்றுலாக் கையேட்டில் நட்சத்திரம் போட்ட கட்டிடங்களை எல்லாம் இடிப்போம் என்று ஓர் அதிகாரி வாய்விட்டே சொன்னார். மே கடைசியில் கொலோன்மேல் ஆயிரம் விமானங்கள். 1943 ஜூலையில் ஹாம்பர்க். தீயே புயலாகச் சுழன்று, 35 ஆயிரத்துக்கு மேல் பலி. 1945 பிப்ரவரியில் டிரெஸ்டன், 25 ஆயிரம் வரை. நாஜிகள் அந்த எண்ணோடு ஒரு பூஜ்யத்தைச் சேர்த்து 2 லட்சத்துக்கு மேல் என்று பரப்பினார்கள். 25 ஆயிரம் பிணம் போதாதென்று நினைத்தார்கள் பாருங்கள்.

இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி வி-1, வி-2 என்ற ஆயுதங்கள். 'வி' என்ற எழுத்து எதைக் குறிக்கிறது தெரியுமா? ஜெர்மன் மொழியில் 'ஃபெர்கெல்டுங்', அதாவது பதிலடி. ஆயுதத்துக்கே அந்தப் பேர். எங்கள் நகரங்களை எரித்தாய், இந்தா பதில் என்று. வி-2 என்பது ராக்கெட். ஒலியைவிட வேகமாக வரும், அதனால் சங்கு ஊத நேரமிருக்காது. செத்த பிறகுதான் சத்தம் கேட்கும்.

அந்தப் பதில் அதிகமாக விழுந்த ஊர் எது? லண்டன் என்பீர்கள். இல்லை. பெல்ஜியத்தில் ஆண்ட்வெர்ப். 1944 டிசம்பர் 16, சனிக்கிழமை, பிற்பகல். ரெக்ஸ் என்ற சினிமா கொட்டகையில் கேரி கூப்பர் நடித்த படம். உள்ளே ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள். ஒரு வி-2 நேராகக் கொட்டகைமேல் விழுந்தது. 567 பேர் செத்தார்கள். பாதிக்குச் சற்று மேல் விடுப்பில் வந்த நேசநாட்டுச் சிப்பாய்கள், மற்றவர்கள் ஊர்க்காரர்கள். கோவென்ட்ரியில் 568, இங்கே 567. எண்களை இப்படிப் பக்கத்தில் வைப்பதுகூடக் கொஞ்சம் அசிங்கமான வேலைதான். வாத்தியார் புத்தி, போகமாட்டேன் என்கிறது.

ஆண்ட்வெர்ப் துறைமுகத்தில் நேசநாடுகளின் சரக்கு இறங்கிக்கொண்டிருந்தது, அதனால் ராணுவக் காரணம் இருந்தது. இருக்கட்டும். ஹாம்பர்க் எரிந்தபோது ஆண்ட்வெர்ப் ஜெர்மன்காரர்கள் பிடியில் இருந்த ஊர். சனிக்கிழமை மத்தியானம் படம் பார்க்கப் போன பெல்ஜியக்காரிக்கு ஹாம்பர்க்கோடு என்ன சம்பந்தம்? இன்னும் கேளுங்கள். இந்த ராக்கெட்டுகளை மிட்டல்பாவ்-டோரா என்ற முகாமில், மலைக்குள் குடைந்த சுரங்கத்தில், கைதிகளை அடிமைகளாக வைத்துச் செய்தார்கள். ராக்கெட் விழுந்து செத்தவர்களைவிட அதைச் செய்கிற இடத்தில் செத்தவர்கள் அதிகம். பழிவாங்கும் ஆயுதம் முதலில் கொன்றது, அதைச் செய்த கைகளை.

"அப்படியானால் ஹிட்லருக்கு மாலை போட்டிருக்க வேண்டுமா?" என்று கேட்பீர்கள். வேண்டாம். 1940 ஜூலையில் காந்தி பிரிட்டிஷ் மக்களுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதி, ஆயுதத்தைக் கீழே போட்டு அகிம்சையால் எதிர்கொள்ளுங்கள் என்றார். எனக்கு அவர்மேல் உள்ள மரியாதை குறையாமலே சொல்கிறேன், என்னால் அதை ஏற்க முடியவில்லை. ஹிட்லரைப் படைகொண்டுதான் தடுக்க முடியும். எண்ணெய் ஆலைகளையும் ரயில் பாதைகளையும் தாக்கியது ஜெர்மன் ராணுவத்தை முடக்கியது என்று போருக்குப் பின் வந்த ஆய்வுகளே சொல்லின. போர் செய்வது வேறு, பதில் சொல்கிறேன் என்று ஊரைக் கொளுத்துவது வேறு. அந்த வேறுபாட்டைச் சொன்னவர்கள் பிரிட்டனிலேயே இருந்தார்கள்.

வேரா பிரிட்டன் என்ற எழுத்தாளர் அவர்களில் ஒருவர். முதல் உலகப் போரில் மணக்கவிருந்தவரையும் கூடப்பிறந்த தம்பியையும் இழந்தவர். அதே போரில் பிரான்சில் நர்ஸாக இருந்து, காயம்பட்ட ஜெர்மன் கைதிகளுக்குத் தன் கையால் கட்டுப் போட்டவர். 1944இல் நகரக் குண்டுவீச்சை எதிர்த்து ஒரு சிறு நூல் எழுதினார். வசவு மழை. வைதவர்களில் ஒருவர் ஜார்ஜ் ஆர்வெல். நம் பீகாரில் பிறந்தவர், பிபிசியிலிருந்து இந்தியாவுக்குப் போர்க்கால ஒலிபரப்புச் செய்தவர். அவர் கேட்டது சங்கடமான கேள்வி. பொதுமக்களைக் கொல்வது மட்டும் ஏன் தனியாகப் பாவம், இளைஞர்களைச் சிப்பாயாக்கிக் கொன்றால் பாவமில்லையா? லேசில் தள்ளிவிட முடியாத வாதம். அந்தக் குண்டுவீச்சு விமானங்களில் போன 1,25,000 பிரிட்டிஷ், காமன்வெல்த் பையன்களில் 55,573 பேர் திரும்பவில்லை. சீருடை போட்டவன் சாகலாம் என்று எந்தத் தாய் ஒப்புக்கொண்டாள்?

ஆனால் அதே ஆர்வெல் 1945இல் செய்தியாளராக ஜெர்மனிக்குப் போனார். அங்கே கண்டதை அந்த ஆண்டு இறுதியில் ஒரு கட்டுரையாக எழுதினார். பழிவாங்கல் கசக்கும் என்பது அதன் சாரம். கூடப் போனவர் ஒரு பெல்ஜியச் செய்தியாளர். நாலு வருஷம் வானொலியில் ஜெர்மன்காரர்களுக்கு எதிராகப் பிரசாரம் செய்தவர். அப்போதுதான் பிடிபட்ட ஷ்டுட்கார்ட் நகரத்துக்குள் இருவரும் ஒரு நடைபாலத்தின் வழியாக நுழைந்தார்கள். படியடியில் ஒரு ஜெர்மன் சிப்பாயின் பிணம். முகம் மெழுகு மஞ்சள். நெஞ்சின்மேல் யாரோ லைலாக் பூக்கொத்து வைத்திருந்தார்கள். பெல்ஜியர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கொஞ்ச தூரம் போனதும், நான் பார்க்கிற முதல் பிணம் இதுதான் என்றார். அவருக்கு வயது 35 இருக்கும். ஊரைவிட்டுக் கிளம்பும்போது, தங்கியிருந்த வீட்டு ஜெர்மன்காரர்களுக்குத் தன்னிடம் மிச்சமிருந்த காபியைக் கொடுத்துவிட்டுப் போனார். ஒரு வாரத்துக்கு முன்னால் அப்படிச் செய் என்றால் காறித் துப்பியிருப்பார்.

நாலு வருஷ வெறுப்புக்கு ஒரு பிணம் போதுமானதாக இருந்தது. அவர் மனிதர், அதனால் போதுமானதாக இருந்தது என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் பிணம் பார்த்தும் மாறாதவர்கள் உண்டு. நாஜி முகாம்களை நடத்தினவர்களே சாட்சி.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். 1949 ஜெனீவா ஒப்பந்தம், தன் பிடியில் இருக்கிற எதிரி நாட்டுப் பொதுமக்கள்மேல் பழிவாங்கும் செயல் கூடாது என்றது. 1977இல் வந்த கூடுதல் நெறிமுறை, பதிலடி என்ற பேரில் பொதுமக்களைத் தாக்குவதையே தடுத்தது. அதில் இந்தியா இன்னும் சேரவில்லை. இது வினாத்தாளில் வராது, அதனால் சொல்லி வைக்கிறேன்.

ஒன்றை விட்டுவிட்டு நான் இறங்கினால் நீங்கள் மன்னிக்க மாட்டீர்கள். 2009 மே மாதம், ஈழப்போரின் கடைசி நாட்கள். முள்ளிவாய்க்கால் கொஞ்சம் கடல் தாண்டினால் வந்துவிடும், ஆனால் அன்றைக்கு நமக்கு அது தொலைக்காட்சிப் பெட்டிக்குள் இருந்தது. பதுங்குகுழிக்குள் இருந்த பிள்ளைகளைப் பற்றிப் பேசினால், உலகம் 'பயங்கரவாதத்துக்கு எதிரான நடவடிக்கை', 'மனிதக் கேடயம்' என்று இரண்டு சொல்லைப் போட்டுவிட்டு நகர்ந்தது. நமக்கு வயிறு எரிந்தது. இன்றைக்கு வேறு ஏதோ ஊரில் பிள்ளைகள் சாகும்போது, நமக்குப் பிடித்த பக்கம் அதைச் செய்தால், அதே இரண்டு சொல் நம் வாயிலிருந்து வருகிறது. என் வாயிலிருந்தும் வந்திருக்கிறது. வீட்டில் என் மகள்தான் பிடித்துக் காட்டினாள்.

தமிழன் அறப்போர் செய்தவன் என்று இங்கே யாராவது எழுவீர்கள். பசு, பெண்டிர், நோயாளி எல்லாம் ஒதுங்கிப் போங்கள் என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டு அம்பு விட்டதாகப் புறநானூற்றில் நெட்டிமையார் பாட்டு இருக்கிறது, உண்மை. அதே புறநானூற்றில் பகைவன் நாட்டு ஊர்களை எரித்த அரசர்களைப் புகழ்கிற பாட்டும் இருக்கிறது. மழபுல வஞ்சி என்று அதற்குத் துறையே வகுத்து வைத்திருக்கிறோம். மேடையில் முதலாவதை மட்டும் சொல்லிக் கைதட்டு வாங்குவது எனக்குக் கூசுகிறது.

நெட்டிமையாரைவிட எனக்குப் பெரியவர், அதே புறநானூற்றுப் புலவர் கோவூர் கிழார். இது மலையமான் ஆண்ட ஊர். உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறேன். மலையமானோடு சோழன் கிள்ளிவளவனுக்குப் பகை. பகைவன் பிள்ளைகள் கையில் கிடைத்தார்கள். யானைக் காலில் இடச் சொன்னான். சுத்தமான பதிலடி. கோவூர் கிழார் அங்கே போனார். யார் முதலில் ஆரம்பித்தது என்று அவர் பேசவில்லை. நீ யாருடைய வழியில் வந்தவன், இவர்கள் யாருடைய வழியில் வந்தவர்கள் என்று சுருக்கமாகச் சொன்னார். பிறகு அந்தப் பிள்ளைகளைக் காட்டினார். அழுதுகொண்டிருந்தவை, யானையைக் கண்டதும் அழுகையை மறந்து பார்க்கின்றன. தம்மைக் கொல்லப்போகிற யானை என்று தெரியாது. சுற்றி நிற்கிற புதுக்கூட்டத்தைப் பார்த்துத்தான் மிரள்கின்றன. அரசன் நாலடி தள்ளி நின்றுகொண்டிருந்தான், ஆனாலும் அதுவரை அவன் அந்த முகங்களைப் பார்க்கவில்லை. கேட்டுவிட்டாய், இனி உன் இஷ்டம் என்று சொல்லிப் புலவர் நிறுத்திக்கொள்கிறார். பிள்ளைகள் பிழைத்தார்கள் என்று பாட்டின் அடிக்குறிப்பு சொல்கிறது.

புறநானூற்றில் 46ஆம் பாட்டு. எட்டே வரிதான். இந்த நூலகத்தில் உரையோடு இருக்கிறது, வரும்போது பார்த்தேன், இடது பக்க அலமாரியில் மேல் தட்டு. சாவி நூலகரிடம் இருக்கிறது. அவர் 8 மணிக்குப் பூட்டிவிடுவார், அதற்குள் எடுத்துப் படித்துவிட்டுப் போங்கள்.